சீமாட்டிக்கு நூற்று முப்பத்து மூன்று மாத்திரை

இங்கே எழுதப்போவது அத்தனையும் சத்தியம். என் வாயில் மிச்சமிருக்கும் ஐந்து பற்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் அந்த ஐந்தும் இன்றைக்கே உதிரட்டும். அவற்றில் நான்கு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

மலையடிவாரத்துப் பேருந்து நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் மருந்துக்கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. உள்ளே நிற்பவன் தும்ம வேண்டுமென்றால் வெளியே வந்துதான் தும்ம வேண்டும். எதிரே பஸ் நிற்கும். பஸ்ஸுக்குப் பின்னால் மலை, மலைக்கு மேலே ஒரு ஊர். நடுவில் நாற்பத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் எப்படிப்பட்ட வளைவு என்றால், பன்னிரண்டாவதில் முன்சீட்டில் இருப்பவரும் கடைசி சீட்டில் இருப்பவரும் ஜன்னல் வழியாகக் கைகுலுக்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு சம்பந்தமே பேசி முடித்திருக்கிறார்கள்.

மற்ற மருந்துக்கடைகளுக்குத் தலைவலிக்காரர் வருவார், காய்ச்சல்காரர் வருவார், இருமிக்கொண்டே ஒருவர் வருவார். என் கடைக்கு நூறு பேர் வந்தால் தொண்ணூற்றேழு பேர் கேட்பது வாந்தி மாத்திரை. பாக்கி மூன்று பேர் வழி கேட்க வந்தவர்கள். வழியையும் சொல்லி, மாத்திரையையும் கொடுத்து அனுப்புவேன். அந்த வழியில் போனால் அது தேவைப்படும்.

இந்த மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. பஸ் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குடை மாதிரிதான். நனைந்து முடித்த பிறகு விரித்துப் பிடித்து என்ன செய்வது? ஆனால் நம் ஜனங்கள் டிரைவர் ஹார்ன் அடித்த பிறகுதான் கடைக்கு ஓடிவருவார்கள். ஒரு கால் படிக்கட்டில், ஒரு கை என் மேஜைமேல் என்று நின்றுகொண்டு விழுங்குவார்கள். மாத்திரை விழித்தெழுந்து தன் வேலையைத் தொடங்கும் நேரத்தில், பாவம், அது வேலை செய்ய வேண்டிய வயிற்றில் ஒன்றும் இருக்காது. மறுநாள் இறங்கி வந்து என் சட்டையைப் பிடிப்பார்கள். "சுண்ணாம்பை உருட்டிக் குடுத்துட்டு மாத்திரைன்னு சொல்றியா?"

யோசித்தேன். கடைச் சுவரில் ஊருக்கே தெரியும்படி ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அதை அரை மணி முன்னால் தள்ளி வைத்தேன். ஜனங்கள் அதைப் பார்த்து அலறிப் புடைத்துக்கொண்டு வருவார்கள், வாங்கி விழுங்குவார்கள், பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அங்கே டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். விஷயம் தெரிந்ததும் திரும்பி வந்து என்னைத் திட்டுவார்கள். ஒரு மனிதரை மனம் நிறையத் திட்டி முடிக்கச் சரியாக அரை மணி ஆகிறது. அதற்குள் மருந்து ஏறிவிடும். மூன்றே மாதத்தில் மலைப்பாதை காய்ந்துபோயிற்று. நான்காவது வளைவில் முகம் துடைக்கத் துணி விற்றுக்கொண்டிருந்தவர் தொழிலை மாற்றிக்கொண்டு பலூன் விற்கப் போனார்.

அதற்குப் பிறகும் அந்தப் பாதையில் தினம் தவறாமல் வாந்தி எடுத்தது ஒரே ஒரு ஜீவன். அது பஸ்.

அந்த பஸ்ஸுக்கு எல்லோரும் வைத்த பெயர் சீமாட்டி. என்னைவிட வயதில் மூத்தவள். அவளை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி, ஆகவே என் மச்சான். தங்கமான பையன். பாதையில் ஆமை குறுக்கே போனால் அது போய்ச் சேரும்வரை இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பான். சீமாட்டியை அவன் பத்தொன்பது வருடமாக ஓட்டினான். ஒவ்வொரு நாளும் இருபத்துமூன்றாவது வளைவு வந்ததும் அவளுக்கு முகம் சிவக்கும், உடம்பு நடுங்கும், ரேடியேட்டர் மூடி துப்பாக்கிக் குண்டுபோல் கிளம்பும், உள்ளே இருந்த சுடுதண்ணீர் அத்தனையையும் சாலையில் கக்கிவிட்டு நின்றுவிடுவாள். மூடி விழுந்த இடத்தைத் தேடவே இருபது நிமிடம் ஆகும். ஒருமுறை பறந்துகொண்டிருந்த பருந்து ஒன்று அதை வாயில் பிடித்துக்கொண்டு போய், பிடிக்காமல் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது.

இப்படியே காலம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை மச்சான் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

"அத்தான், அடுத்த திங்கக்கிழமை வண்டியப் பரிசோதிக்க இன்ஸ்பெக்டர் வர்றாராம். ஜனங்களை ஏத்திக்கிட்டு அடிவாரத்துல கிளம்பினா உச்சியிலதான் நிக்கணுமாம். நடுவுல எங்க நின்னாலும், என்ன காரணத்துக்கு நின்னாலும், வண்டி காயலான் கடைக்கு."

"சரி, வேற வண்டி குடுப்பாங்க இல்ல?"

"குடுக்க மாட்டாங்க. ரூட்டையே மூடிடுவாங்க. என்னை டிப்போவுல வண்டி கழுவப் போட்டுருவாங்க. மேல குடுத்திருக்கற வீட்டையும் காலி பண்ணச் சொல்வாங்க." அவன் கடிதத்தை நாலாக மடித்தான். "சீமாட்டியக் கண்ணு முன்னாலயே வெட்டுவாங்க அத்தான்."

அவனுக்கு மனைவி, மூன்று பெண்கள். மூத்தவளுக்குப் பாட்டு, நடுவுள்ளவளுக்குத் தவில், கடைசிக்கு எல்லாவற்றையும் போட்டு உடைப்பது. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை.

"அதனாலென்ன?" என்றாள் என் மனைவி, கரண்டியைக் கீழே வைக்காமல். "வீடு போனா எல்லாரும் இங்க வந்து இருங்கடா. உங்க அத்தான் கடையில படுத்துக்குவார்."

"கடையில நீட்டிப் படுக்க இடம் இல்லம்மா," என்றேன்.

"மடிச்சுப் படுங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஊரு உலகத்துக்கெல்லாம் வாந்தி மாத்திரை குடுக்கறீங்க. கட்டினவளோட தம்பி வண்டி நடுரோட்டுல கக்கிட்டு நிக்குது. அதுக்கு ஒண்ணு குடுக்கணும்னு தோணிச்சா உங்களுக்கு?"

அவள் குத்தலுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் மருந்துக்கடைக்காரன். எனக்கு அது மருந்துச் சீட்டு மாதிரிக் காதில் விழுந்தது.

மச்சானிடம் இரவல் வாங்கிய வண்டிப் புத்தகத்தில் பார்த்தேன். சீமாட்டியின் எடை எட்டாயிரம் கிலோ. அறுபது கிலோ மனிதருக்கு ஒரு மாத்திரை என்றால் அவளுக்கு நூற்று முப்பத்து மூன்றும் ஒரு சில்லறையும். சில்லறையை விட்டுவிட்டேன், ஸ்டெப்னி டயரை எடையில் சேர்க்க வேண்டியதில்லை. பயணிகளையும் சேர்க்கவில்லை, அவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே போட்டுக்கொள்பவர்கள். நூற்று முப்பத்து மூன்றையும் கல்வத்தில் போட்டுக் கை சோர அரைத்து, ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் விட்டுக் கலக்கினேன்.

வியாழக்கிழமை ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். மச்சான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பச்சைக் குழந்தைக்குப் புகட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். கண்டக்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுக்கு விசில் என்று பெயர். அவள் ஊதினால் எதிர் மலையிலிருந்து மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பிவிடும்.

"அண்ணே, கசக்கும்ல? சர்க்கரை போட்டீங்களா?" என்று கேட்டாள் விசில்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்."

"அவ மூஞ்சியப் பாருங்க, எப்படிச் சுளிக்கறான்னு."

பார்த்தேன். முன் பம்பர் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

சீமாட்டி அன்றைக்கு இருபத்துமூன்றாவது வளைவை ஒரு ஏப்பம்கூட விடாமல் கடந்தாள். மச்சான் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆனால் எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் மூன்று போட்டிருந்தது: வாய் உலர்தல், பார்வை மங்கல், தூக்கம். மூன்றும் வந்தன. உச்சிக்குப் போனதும் ஆறு வாளித் தண்ணீர் கூடுதலாகக் குடித்தாள். முன்விளக்கு இரண்டும் பாதி மூடியதுபோல் மங்கின. இறங்கும்போது வளைவுக்கு வளைவு கதவு தானாகத் திறந்து, மெதுவாக, நீளமாக ஒரு சத்தம் விட்டு மூடிக்கொண்டது. கொட்டாவி. அதைப் பார்த்துப் பயணிகள் ஐம்பத்திரண்டு பேரும் கொட்டாவி விட்டார்கள்.

அதே சீட்டின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது: 'இம்மருந்தை உட்கொண்டபின் வாகனம் ஓட்டக் கூடாது.' வாகனமே உட்கொண்டால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை வந்தது. பஸ் பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு மருந்து ஊற்ற வேண்டும். கல்வத்தில் அரைத்ததைக் கேனில் கலக்கிவைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஒன்பதரையைத் தொட்டதும் ஓடிப்போய்க் கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டேன். வெற்றியோடு திரும்பி வந்து நிமிர்ந்தபோதுதான் நான் பார்த்தது எந்தக் கடிகாரம் என்று உறைத்தது. ஊரை ஏமாற்ற நானே தள்ளிவைத்த கடிகாரம். உண்மையில் மணி ஒன்பது.

"என்ன அத்தான், முகம் வெளுத்துப்போச்சு?" என்றான் மச்சான்.

"ஒண்ணுமில்ல மாப்ள. அவ கொஞ்சம் சீக்கிரமாத் தூங்கிடுவா."

"எவ்வளவு சீக்கிரமா?"

"கிளம்பறதுக்கு முன்னால."

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். சட்டை மடிப்பில் விரல் வைத்தால் வெட்டும்போல இருந்தது. கையில் ஒரு கனத்த படிவம்; அதில் எண்பத்தாறு கேள்விகள். அவர் முதலில் எதிர்க்கடையில் உட்கார்ந்து வயிறு முட்ட ஒரு பிடி பிடித்தார். பிறகு டயர் டயராகத் தட்டிப் பார்த்தார். என் தொழில் தர்மம் உறுத்தியது.

"சார், நாப்பத்தோரு வளைவு. ஒரு மாத்திரை போட்டுக்குங்க. சும்மாவே தர்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் ஏறாத மலை இல்ல. இதுவரைக்கும் ஒரு ஓங்கரிப்பு வந்தது கிடையாது. ஆபீஸ்ல வேணும்னா கேட்டுப் பாரு. எனக்கு இரும்பு வயிறுன்னுதான் பேரு."

"எதுக்கும் ஒண்ணு..."

"அதெல்லாம் தெம்பு இல்லாதவங்களுக்கு."

டயர் தட்டல் முடிந்து அவர் ஏறி உட்கார்ந்தபோது மணி பத்தேகால். சீமாட்டி மருந்து குடித்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. மச்சான் சாவியைத் திருப்பினான். "ம்ம்ம்" என்றாள். மறுபடியும் திருப்பினான். "ம்ஹ்" என்று புரண்டு படுத்தாள். முன்விளக்கு இரண்டும் முழுசாக மூடிவிட்டன.

விசில் கீழே குதித்தாள். எதிர்க்கடைக்கு ஓடினாள். ஒரு பெரிய கெட்டில் நிறையப் பால் விடாத கடுங்காப்பியோடு வந்து, ரேடியேட்டரைத் திறந்து மொத்தத்தையும் கவிழ்த்தாள்.

இன்ஸ்பெக்டர் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா ஊத்தறே?"

"தண்ணி சார்."

"பழுப்பா இருக்கு?"

"எங்க ஊர்த் தண்ணி அப்படித்தான் சார்."

"காப்பி வாசனை வருதே?"

"நல்ல ஊர் சார்," என்றாள் விசில்.

சீமாட்டி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி எழுந்தாள். ஐம்பத்திரண்டு பேரும் சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தோம். நானும் ஏறியிருந்தேன், ஏற்றிவிட்டவள் என் மனைவி. கடை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ் நகரும்போது சொன்னாள்: "வண்டி நடுவுல நின்னுச்சுன்னா நீங்களும் மேலயே இருந்துக்கங்க. கீழ இறங்கி வர வேணாம்."

முதல் பத்து வளைவுகள் சந்தோஷமாகப் போயின. இன்ஸ்பெக்டர் குனிந்த தலை நிமிராமல் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். வளைந்து வளைந்து போகும் வண்டியில் குனிந்து படிப்பதைப்போல ஒரு தப்பு வேறு இல்லை. காகிதம் அசையவில்லை என்று கண் சொல்லும், மலையே சுற்றுகிறது என்று காது சொல்லும்; இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வயிறு. சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் முப்பத்தேழாவது கேள்வியில் இருந்தார். 'ஜன்னல்கள் திறந்து மூடுகின்றனவா?' தன் ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'ஆம்' என்று எழுதினார். அந்த ஜன்னல் நான்கு வருடமாகத் திறந்ததில்லை.

பதினான்காவது வளைவில் அவர் பேனா மெதுவானது. நான் முகங்களைப் பார்த்தே தொழில் செய்தவன், கவனித்துக்கொண்டு வந்தேன். முதலில் முகம் குளுக்கோஸ் பொடிபோல் வெளுத்தது. பதினேழில் காமாலை டானிக் நிறம். பத்தொன்பதில் பெப்பர்மின்ட் சிரப் பச்சை. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அது சட்டைப்பை இல்லை, பக்கத்தில் இருந்தவரின் காது.

சீமாட்டியோ தாலாட்டில் கிடக்கும் குழந்தைபோல் அசைந்து அசைந்து ஏறிக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்றில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "வண்டியக் கொஞ்சம்... நிறுத்துங்க."

விசில் திரும்பினாள். "என்ன சார்?"

"நிறுத்துங்க."

"அதெப்படி சார் நிறுத்தறது? என்ன காரணத்துக்கு நின்னாலும் காயலான் கடைன்னு கடுதாசியில நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"அது... வண்டிக்கு."

"அப்ப இது என்ன சார், கட்டிலா?"

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். பதில் வருவதாக இருந்தால் தனியாக வராது என்ற நிலை. நான் நெருங்கிப் போய் ஒரு மாத்திரையை அவர் வாயில் போட்டேன். விழுங்கினார். வந்த பிறகு போடுவதும் வராமலிருக்கப் போடுவதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அரைவளைவுகூடத் தாண்டவில்லை, மாத்திரை மட்டும் தனியாகத் திரும்பி வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. எழுத்துக்கூட அழியவில்லை. அது முன்னறிவிப்பு. முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் கால்களைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜன்னலைத் தள்ளினார். ஜன்னல் முப்பத்தேழாவது கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லியது.

கண்ணாடியில் மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மேலே அவன் மனைவியும் மூன்று பெண்களும் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். கீழே என் மனைவி நின்றுகொண்டிருப்பாள் என்றும் தெரியும். ஆனால் அந்த மனிதர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரும்பு வயிறு போன இடம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுப்போன பிள்ளையின் முகம்தான் இருந்தது. அந்த முகம் வராமல் தடுக்கத்தானே நான் கடிகாரத்தையே பொய் சொல்ல வைத்தேன்?

"மாப்ள, நிறுத்து."

"நின்னா எல்லாம் போச்சு அத்தான்."

"தெரியும்."

"அக்கா...?"

"அதுவும் தெரியும்டா. நிறுத்து."

சொல்லி முடிக்கும்போதுதான் கவனித்தேன், பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. அவன் கால் என் வாயை முந்திக்கொண்டுவிட்டது. ஆமைக்கே நிறுத்துகிறவன். வெளியே எட்டிப் பார்த்தேன். இருபத்துமூன்றாவது வளைவு.

இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கி ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சிலர் சாப்பிட்டுக்கொண்டே படிப்பீர்கள். அன்று காலை சாப்பிட்டது போயிற்று. முதல் நாள் சாப்பிட்டது போயிற்று. சர்வீஸில் சேர்ந்த நாளில் கொடுத்த விருந்துவரை போயிற்று என்று விசில் சொல்கிறாள். அவள்தான் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பத்து வளைவுக்குக் கீழே நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார்.

முடிந்ததும் விசில் அவர் முகத்தைக் கழுவிவிட்டாள். "எல்லாம் வந்திருச்சா சார்?"

"ம்."

"இப்பக் கொஞ்சம் தெளிவா இருக்கா?"

"ம்... இருக்கும்மா."

"அப்ப ஏறுங்க."

எல்லோரும் ஏறினோம். மச்சான் சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லை. நின்ற இடத்தில் சீமாட்டி ஆழ்ந்து தூங்கிவிட்டாள். மச்சான் கெஞ்சினான், கொஞ்சினான், ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தான். காப்பியெல்லாம் எப்போதோ ஆவியாகியிருந்தது. விசில் இறங்கினாள். பஸ்ஸின் முன்னால் போய் நின்று, இடது முன்விளக்குக்கு அருகே குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதினாள்.

எதிர் மலை மாடுகள் தொழுவம் சேர்ந்தன. பஸ்ஸில் இருந்த ஒரு பெரியவருக்குப் பதினோரு வருடமாக அடைத்திருந்த காது திறந்துகொண்டது. சீமாட்டி தூக்கிவாரிப் போட்டு எழுந்து, மச்சான் கியர் போடுவதற்கு முன்பே இரண்டு வளைவு ஏறிவிட்டாள். விசில் பின் ஏணியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

உச்சியில் மச்சான் வீட்டு முன்னறை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, மச்சான் மனைவி கொடுத்த வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்தார். மூன்று பெண்களும் சுவரோரம் உயர வாரியாக நின்றார்கள். பயணிகளில் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. வாசலிலும் ஜன்னலிலும் தலைகள். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பி எண்பத்தாறாவது கேள்விக்கு வந்தார். உரக்கப் படித்தார்.

"வண்டி வழியில் நின்றதா? நின்றது எனில், காரணத்தை விவரமாக எழுதுக."

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நின்னுது சார். எழுதிக்குங்க. நான் யார் மேலயும் குறை சொல்ல மாட்டேன்."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "காரணம் எழுதித்தான் ஆகணுமா?"

"கேட்டிருக்காங்களே சார்."

"விவரமாவா?"

"சார், வார்த்தை வரலைன்னா நான் சொல்றேன், நீங்க எழுதுங்க," என்றாள் விசில். "இருபத்திமூணாவது வளைவு. மணி பதினொண்ணு அஞ்சு. முதல்ல காலையில சாப்பிட்டது. அப்புறம்..."

"வேணாம்மா."

"ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்கல்ல சார்? புரியற மாதிரி எழுதணும்."

அவர் ஜன்னலில் இருந்த தலைகளைத் தாண்டி மலையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலில் இருந்த கூட்டத்தைக் கேட்டார். "ஏம்ப்பா, வண்டி எங்கயாவது நின்னுதா?"

"நிக்கலையே சார்," என்றது கூட்டம்.

காது திறந்த பெரியவர் மட்டும், "நின்னுச்சே! இவர்கூட இறங்கி..." என்று தொடங்கினார். அவர் மனைவி தன் உள்ளங்கையால் அவர் காதை மறுபடியும் அடைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் 'இல்லை' என்று எழுதினார். முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்ததில் காகிதம் கிழிந்தது. கடைசிப் பெண் மகிழ்ச்சி தாங்காமல் கையில் இருந்த தம்ளரைப் போட்டு உடைத்தாள். மச்சான் வெளியே போய், சீமாட்டியின் சூடான பானெட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அது தெரியாது. மறுநாள் மதியம்வரை தூங்கினாள்.

நான் நடந்தே இறங்கி வந்தேன். மனைவி கடை வாசலில் காலையில் பார்த்த அதே இடத்தில், அதே இடுப்பில் கையோடு இருந்தாள்.

"நின்னுதா?"

"நின்னுது. ஆனா நிக்கல."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "வீட்டுக்குத்தானே வர்றீங்க, கடையில படுக்கப்போறதில்லையே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முன்னால் நடந்தாள். நடையில் ஒரு துள்ளல் இருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

சீமாட்டி அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஓடினாள். தினமும் வேளை தவறாமல் மாத்திரை, கிளம்பும்போது காப்பி. இன்ஸ்பெக்டர் வருடா வருடம் பரிசோதனைக்கு வருவார். என் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பார், மனசுக்குள் அரை மணி கழிப்பார், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கையை நீட்டுவார்.

"எனக்கில்ல. தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

"அவருக்கு இப்ப வயிறு எப்படி இருக்கு சார்?"

"இரும்பு," என்பார், விழுங்கிக்கொண்டே.

இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் தாராளமாக நேரில் வரலாம். பேருந்து நிலையம் அதே இடத்தில் இருக்கிறது. என் கடை இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. கடிகாரம் மாட்டிய ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் நூறு மைலுக்குத் தரை சாப்பாட்டு மேஜைபோலத் தட்டை. இருப்பதிலேயே உயரமான இடம் அந்தச் செருப்புக்கடை வாசலில் போட்டிருக்கும் வேகத்தடைதான்.